எர்னி பார்ன்ஸ் கையில் தூரிகை நிலைக்கச் செய்தவர்களுக்கு

வணக்கம்.

ஓடும் உடம்பையும் ஆடும் உடம்பையும் வரையக் கற்றுத்தருபவர்கள் நாங்கள். 2022 மே மாதம், விளையாட்டு வீரராக இருந்து ஓவியரான அமெரிக்கர் எர்னி பார்ன்ஸின் ‘சுகர் ஷாக்’ ஓவியம் நியூயார்க் ஏலத்தில் ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டி விற்றபோது பேச்செல்லாம் விலையைப் பற்றியே இருந்தது. அந்தக் கைக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் யார் எதைக் கொடுத்தார்கள் என்று பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பார்ன்ஸ் ஆடியது நம் ஊர்க் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. 1960 முதல் 1964 வரை நியூயார்க் டைட்டன்ஸ், சான் டியேகோ சார்ஜர்ஸ், டென்வர் பிராங்கோஸ் அணிகளில் தடுப்பு வரிசையில் நின்றார். அந்த இடத்தில் நிற்பவருக்குப் பந்தைத் தொடும் வேலையே அநேகமாகக் கிடையாது. எதிரே பாய்ந்து வருபவரை உடம்பால் முட்டி நிறுத்தி, பின்னால் ஓடுபவருக்கு வழி திறந்துவிட வேண்டும். ஆட்டம் முழுக்க ஒரு கை தூரத்தில் மனித உடம்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

முதல் நன்றி அவருடைய தாய் ஃபேனி மே அம்மையாருக்கு. வட கரோலினாவின் டர்ஹம் நகரில், நிறவெறிச் சட்டங்கள் நடப்பிலிருந்த காலத்தில், ஒரு வழக்கறிஞர் வீட்டு வேலைகளைக் கவனித்துவந்தவர். வேலைக்குப் போகும்போது மகனையும் கூட்டிப்போனார். அந்த வழக்கறிஞர் தம் ஓவியப் புத்தகங்களைப் பையன் புரட்டிப் பார்க்க அனுமதித்தார். அவருக்கும் எங்கள் நன்றி.

பள்ளியில் மற்ற பையன்களின் கேலிக்குப் பயந்து நோட்டுப் புத்தகத்தோடு ஒளிந்திருந்த குண்டுப் பையனைக் கண்டுபிடித்தவர் கொத்துவேலை ஆசிரியர் டாமி டக்கர். எடை தூக்கப் பழக்கிவிட்டவர் அவர்தான். அந்த உடம்புதான் பிறகு கல்லூரி உதவித்தொகையைப் பெற்றுத்தந்தது.

எட் வில்சன் அவர்களுக்குச் சொல்லும் நன்றியைச் சுருக்கமாக முடிக்க முடியாது. அன்று கறுப்பின மாணவர்களுக்கென இருந்த வட கரோலினா கல்லூரியில் ஓவியம் கற்பித்த சிற்பி அவர். உன் வாழ்க்கையிலிருந்து வரை, அசையும்போது உன் உடம்பு எதை உணர்கிறது என்று கவனி என்று பார்ன்ஸிடம் சொன்னவர். பார்ன்ஸின் உருவங்கள் நீண்டு வளைவதற்கு வேர் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பாடம் எவ்வளவு துல்லியமானது என்பது அவருடைய படங்களைப் பார்த்து வரையும் மாணவர்களின் தவறுகளில் தெரியும். சாதாரணமாக மனித உருவத்தின் உயரத்தைத் தலையளவைப் போல ஏழரை மடங்கு வைப்போம். பார்ன்ஸ் பாணி என்றதும் மாணவர் முழு உருவத்தையும் ஒன்பது, பத்துத் தலை அளவுக்கு இழுத்துவிடுவார். படம் கரண்டியில் தெரியும் பிம்பம் மாதிரி ஆகிவிடும். எல்லாப் பகுதியும் சமமாக நீண்டால் விசை எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. உந்தித் தள்ளும் குதிகாலிலிருந்து எதிர்ப்பக்கக் கையின் விரல் நுனிவரை முதலில் ஒரே கோடு போட வேண்டும். பிறகு எடை எந்தப் பாதத்தில் இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் தோளை எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். அந்தக் கோட்டின்மேல் வரும் கைகால்களை மட்டும் நீட்டி, மடங்கிய பக்கத்தை இறுக்கிச் சுருக்க வேண்டும். முட்டி, முழங்கை, கணுக்கால் மூன்றையும் அவற்றின் அளவிலேயே விட்டுவிட வேண்டும். மூட்டையும் சேர்த்து நீட்டினால் எலும்பு போய் ரப்பர் வந்துவிடும். ‘சுகர் ஷாக்’ படத்தில் ஆடுபவர்களின் கைகளைப் பாருங்கள். எத்தனை நீண்டாலும் முழங்கை முழங்கையாகவே இருக்கும்.

ஆட்டத்தில் சில நொடி ஓய்வு கிடைக்கும்போது பார்ன்ஸ் ஒரு சிறு பென்சிலை எடுத்துக் கண்டதை எழுதிக்கொள்வாராம். படமாக வரைய நேரம் ஏது? தடுப்பவரின் தோரணை, உடம்புகள் சேர்ந்து உண்டாக்கும் கோடு என்று இரண்டொரு சொல் எழுதிவைத்தால் பிறகு முழுக் காட்சியும் திரும்பிவரும். வேகமாக வரையப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. அணிக் கூட்டங்களில் படம் போட்டதற்கு அவருக்கு அபராதமும் விழுந்தது. டென்வர் அணித் தோழர்களோ புகழ்பெற்ற டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரை வைத்து அவரைப் ‘பிக் ரெம்பிராண்ட்’ என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கு நன்றி.

பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து வீரர் சாம் ஜோன்ஸ் 90 டாலர் கொடுத்து அவருடைய ஓவியத்தை வாங்கினார். பார்ன்ஸ் விற்ற முதல் ஓவியம் அது. ஜோன்ஸின் வீட்டில் நேர்ந்த தீவிபத்தில் பின்னர் அழிந்துபோனது. முதலில் காசு கொடுத்து வாங்கிய அந்த மனசுக்கு நன்றி.

அடுத்தது சானி வெர்ப்ளின், நியூயார்க் ஜெட்ஸ் அணியின் அன்றைய உரிமையாளர். கனடாவில் ஆடியபோது பாதம் முறிந்து பார்ன்ஸின் ஆட்டம் முடிந்துபோனது. 1965இல் ஹூஸ்டனில் அணி உரிமையாளர்கள் கூடிய இடத்துக்கே போய், தன்னை ஓவியராக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வெர்ப்ளின் படங்களை நியூயார்க்குக்கு வரவழைத்தார். பார்ன்ஸிடம் சொல்லாமலேயே மூன்று விமர்சகர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதன்பின் ஓர் ஆட்டக்காரருக்குரிய சம்பளத்தைக் கொடுத்து வரையச் சொன்னார்.

அந்த உதவி சம்பளமாக வந்தது பெரிய விஷயம். ஒரு தனிக் கண்காட்சிக்கு முப்பது படமாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அவை சேரும்வரை ஒரு காசு வராது. வாடகை, கித்தான், வண்ணம், படச்சட்டம் என்று செலவு மட்டும் நிற்காது. வயிற்றுப்பாட்டுக்காக அவசரப்படுபவர், அடியில் தடிமனாகப் பூசிய எண்ணெய் வண்ணம் காயும் முன்பே மேலே மெல்லிய பூச்சை ஏற்றிவிடுவார். மேற்பூச்சு முதலில் காய்ந்து இறுகும், அடிப்பூச்சு பிறகும் அசைந்துகொண்டிருக்கும், படம் வெடிக்கும். கத்தியால் அப்பிய வண்ணம் உள்வரை காய மாதக்கணக்காகும். வெர்ப்ளினின் பணம் வாங்கிக்கொடுத்தது அந்த மாதங்களைத்தான். 1966 நவம்பரில் கிராண்ட் சென்ட்ரல் ஆர்ட் கேலரீஸில் நடந்த முதல் தனிக் கண்காட்சியில் எல்லாப் படங்களும் விற்றுப்போயின. ஓய்வுபெறும் வீரருக்கு மாலையும் கேடயமும் தருபவர்கள் ஓராண்டுச் சம்பளத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம்.

கடைசி நன்றி அவருடைய தந்தைக்கு. வீட்டைச் சுற்றியிருந்த வெள்ளை மரவேலியைப் பொத்திப் பாதுகாத்தவர் அவர். பக்கவாதம் வந்து படுத்தபின் வேலி பெயிண்ட் உரிந்து கிடந்தது. கண்காட்சிக்குச் சில நாள் முன்பு பார்ன்ஸ் ஒரு படத்தை அந்த வேலியில் சாய்த்துவைத்தார். பழைய மரமும் படமும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. தந்தையின் நினைவாகத் தம் ஓவியங்களுக்கு அப்படி வெயில் தின்ற பலகைகளையே சட்டமாக்கினார். அதைப் பார்த்துப் பழைய பலகையில் சட்டம் செய்பவர்கள் அதை நன்றாக உலரவைத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, உரியும் பெயிண்டைத் தெளிந்த வார்னிஷால் பிடித்துவையுங்கள். தாளில் வரைந்த படமென்றால் மரம் நேராகத் தாளில் படவே கூடாது. மரத்தின் அமிலம் சில ஆண்டுகளில் ஓரங்களைப் பழுப்பாக்கிவிடும். இடையில் அமிலமில்லா அட்டை வையுங்கள்.

நன்றியுடன்,
உருவ ஓவியம் கற்பிக்கும் நண்பர்கள்