அளவெடுத்து வாங்குங்கள்: வாவியில் நீர்ச்சறுக்குப் பயிலும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் நீர் விளையாட்டுகளுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற தை மாதம் எங்கள் பயிற்சியில் ஒரு பிள்ளை விழுந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அறிக்கை அனுப்பினோம். "இனிவரும் காலங்களில் உரிய பாதுகாப்புடன் பயிற்சி நடத்தவும்" என்று பதிலும் வந்தது. அந்தப் படிவத்தில் எழுத இடமில்லாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

அன்று விடிகாலை வாவி கண்ணாடிபோல் கிடந்தது. மாரி மழை ஓய்ந்து, நீர் நிறைந்து, அலை எழாத அந்த நேரம்தான் ஸ்லாலம் பழகுவதற்கு ஏற்றது. படகு கயிற்றால் இழுக்க, அதன் கைப்பிடியைப் பற்றி ஒற்றைப் பலகையில் நின்று மிதவைகளைச் சுற்றிச் சறுக்குவதுதான் ஸ்லாலம். ஆனால் அதே நேரத்தில்தான் பனியும் வாடைக்காற்றும் இருக்கும். அந்தப் பிள்ளை மூன்றாவது மிதவையைச் சுற்றி வரும்போது விரல்கள் விறைத்துக் கைப்பிடி நழுவியது. விழுந்த வேகத்தில் உயிர்காப்பு அங்கி கழுத்தைத் தாண்டி மேலேறி முகத்தை மூடிக்கொண்டது. படகைத் திருப்பிப் போய்த் தூக்கினோம். உதடு கறுத்திருந்தது. அங்கியின் பிளாஸ்டிக் கொளுவியை அழுத்தித் திறக்க அவளால் முடியவில்லை. உதவிக்கு வந்த தோழியின் விரல்களும் அதே நிலையில்தான் இருந்தன. கடைசியில் படகோட்டி தன் வலைக்கத்தியால் அவளது இடுப்பைச் சுற்றியிருந்த நைலான் கயிற்றை அறுத்தார். அந்தக் கயிற்றைக் கட்டியதே, வழங்கப்பட்ட அங்கி அவளைப் போல் இரண்டு பேரைக் கொள்ளும் அளவில் இருந்ததால்தான். உடம்போடு அதை நிறுத்திவைக்க எங்களிடம் வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வாங்குவதற்கு முன்னர் பிள்ளைகளை அளவெடுங்கள்.

தந்திருக்கும் அங்கிகள் படகுப் பயணிகளுக்கு உரியவை. அமர்ந்து செல்பவர் தண்ணீரில் விழுந்தால் மிதக்கவைக்க அவை போதும். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்லாலத்தில் படகு 259 மீற்றர் நீளப் பாதையின் நடுவே நேராகப் போகிறது. சறுக்குபவரோ நடுக்கோட்டிலிருந்து 11.5 மீற்றர் தள்ளி, இருபுறமும் மாறிமாறி மிதக்கும் 6 மிதவைகளைச் சுற்றிவர வேண்டும். போட்டியில் படகின் உச்ச வேகம் ஆண்களுக்கு மணிக்கு 58 கிலோமீற்றர், பெண்களுக்கு 55. எங்கள் பிள்ளைகள் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் பழகுகிறார்கள். ஆனாலும் குறுக்கே பாயும்போது படகை மிஞ்சிய வேகத்தில் போவார்கள். அந்த வேகத்தில் விழும்போது தண்ணீர் கல்லாக அறையும். மார்பையும் விலாவையும் இறுகப் பிடித்திருக்கும் அங்கிதான் அப்போது காக்கும். தொளதொளத்த அங்கி என்ன செய்யும் என்பதைத் தை மாதத்தில் பார்த்துவிட்டோம்.

குளிர் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை, கேட்டு அனுப்பிய விண்ணப்பம், வெப்பநாட்டுக்கு இது அவசியமற்றது என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. இங்கே பனிக்கட்டி உறைவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடம்பின் சூட்டை இழுத்துவிடும். நனைந்த உடம்போடு எழுந்து அத்தனை வேகத்தில் காற்றைக் கிழித்துப் போனால் மிச்சச் சூட்டைக் காற்று கொண்டுபோகும். முதலில் விரல்களும் பாதங்களும்தான் விறைக்கும். இந்த விளையாட்டில் ஒருவரைப் படகோடும் பலகையோடும் இணைத்திருப்பவை அவைதான். வாடைக்காலத்தில் தோணியில் போகும் எங்கள் மீனவர்களைக் கேளுங்கள், காதை மூடித் துணி கட்டாமல் யாரும் விடியலில் இறங்குவதில்லை.

குளிர்நாடுகளில் அணியும் தடித்த உடையை நாங்கள் கேட்கவில்லை. கையும் காலும் குட்டையான, 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நியோப்ரீன் ரப்பர் உடை இங்கே போதும். அதற்கும் அளவுதான் உயிர். அந்த ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. ஆனால் தோலுக்கும் ரப்பருக்கும் இடையே புகும் மெல்லிய நீர்ப்படலம் வெதுவெதுப்பாகி அங்கேயே நிலைத்தால்தான் அது பயன் தரும். உடை பெரிதாக இருந்தால் ஒவ்வொரு முறை விழும்போதும் குளிர்நீர் புதிதாகப் புகுந்து ஓடும். அளவு பாராமல் எல்லோருக்கும் பெரியதாக வாங்கித் தருவதாக இருந்தால், தயவுசெய்து அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

பலகையின் கதையும் இதுவே. பெரியவர்களுக்கான ஸ்லாலம் பலகைகள் பெரும்பாலும் 63 முதல் 69 அங்குலம் வரை வருகின்றன. எதைத் தெரிவுசெய்வது என்பதைச் சறுக்குபவரின் எடையும் படகின் வேகமும் தீர்மானிக்கின்றன. எங்களுக்கு வந்தவை எல்லாம் ஒரே நீளம், அதுவும் பாரமான ஆண்களுக்கு உரியது. மெலிந்த பிள்ளை அதில் ஏறினால் பலகை திரும்ப மறுக்கிறது. பலகையில் பொருத்தியிருக்கும் சப்பாத்து இன்னும் மோசம். முன்காலின் குதியை அது இறுகப் பிடிக்காவிட்டால் பலகை காலின் சொல் கேட்காது. விழும்போது ஒரு கால் கழன்று மறுகால் மாட்டிக்கொண்டால் கணுக்காலோ முழங்காலோ முறுகிவிடும். பிள்ளைகள் இரட்டைக் காலுறை போட்டு அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்குவதற்கே பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போகிறோம். பொத்துவில் அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பலகையை வாடகைக்கு விடும் கடைக்காரர்கூட எடையையும் பழக்கத்தையும் விசாரித்த பிறகுதான் பலகையைக் கையில் கொடுக்கிறார்.

பணம் தேவைப்படாத எதையும் நாங்கள் செய்யாமல் விட்டதில்லை. தண்ணீரில் இறங்குமுன் கரையில் ஓடி உடம்பைச் சூடாக்குகிறோம். பருத்திச் சட்டை நனைந்தால் ஒட்டிக்கொண்டு குளிரைக் கூட்டும் என்பதால் அதைத் தடைசெய்திருக்கிறோம். வெந்நீர்ப் போத்தல் கொண்டுபோய், காலை நுழைப்பதற்கு முன் சப்பாத்துக்குள் இளஞ்சூட்டு நீரை ஊற்றுகிறோம். படகில் முறைக்குக் காத்திருப்பவர் அங்கிக்கு மேல் மழைச்சட்டை போட்டிருக்க வேண்டும். ஒரு முறைக்கான நேரத்தைக் குறைத்திருக்கிறோம். நடுக்கம் தொடங்கினால், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. கரையில் உலர்ந்த துவாயும் இஞ்சித் தேத்தண்ணீரும் தாய்மார் தயாராக வைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது கருவிகள் மட்டுமே. அவை தங்கள் கையில் இருக்கின்றன.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். டிசம்பர் 31க்குள் நிதியைச் செலவழித்து முடிக்க வேண்டும் என்று கார்த்திகையில் ஓட்டம் தொடங்கும். எதை வாங்குவது என்று பயன்படுத்துகிறவரைக் கேட்க அப்போது யாருக்கும் நேரம் இருக்காது. மிகக் குறைந்த விலைக்குத் தருபவரிடமிருந்து ஒரே அளவில் மொத்தமாகப் பொருள் வரும். கையளிப்பு விழா நடக்கும், படம் எடுக்கப்படும். பிறகு அந்தப் பொருள் பொருந்தவில்லை என்று சொல்கிறவர்கள் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவார்கள். கடற்கரையோரம் உப்புக்காற்றில் துருப்பிடித்து நிற்கும் உடற்பயிற்சி இயந்திரங்களும் இப்படி வந்தவைதான். கிழக்கில் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள், அவர்கள் எதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள் என்று ஒரு நாளாவது கரைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் அலுவலகத்திலும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்காக வாதாடியவர்களும் உண்டு.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: வாங்குவதற்கு முன்னர் அளவெடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு, பாத நீளம், பழகும் வேகம், முன்கால் வலதா இடதா என்பதை எழுதிய பட்டியல் எங்களிடம் இருக்கிறது. கைப்பிடியின் பருமனையும் சேர்த்திருக்கிறோம், ஏனென்றால் சிறிய கை தடித்த கைப்பிடியைப் பற்றினால் முன்னங்கை விரைவில் களைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்க முடியாவிட்டால் முதலில் அங்கிகளையும் உடைகளையும் தாருங்கள். பலகைகளுக்குக் காத்திருப்போம். விலைமனு கோருவதற்கு முன் எங்களில் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள். பொருள் வந்ததும், பணம் செலுத்துவதற்கு முன், பிள்ளைகள் போட்டுப் பார்க்க அனுமதியுங்கள்.

கச்சான் காற்று அடங்கி மாரி தொடங்குவதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அந்தப் பிள்ளை திரும்பவும் பயிற்சிக்கு வரக் கேட்கிறாள். அவளுக்குப் பொருந்தும் அங்கி கிடைக்கும்வரை நான் அவளைத் தண்ணீரில் இறக்கப்போவதில்லை. எந்த மாதம் அவளை வரச் சொல்லலாம் என்பதை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாவிக்கரையில் பயிற்சியளிக்கும் ஒருவர்,
மட்டக்களப்பு