வாசலுக்கு வெளியே நில், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

நம் கோவில் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைப் பொறுப்பை நீ ஏற்றிருக்கிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. கிறிஸ்துமஸுக்கு அரிசி கொடுக்கும்போது கோவில் வாசலில் மேடை போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்கிறாய். நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிற உன் நேர்மை புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

விவிலியத்தில் இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பார். அடகும் வட்டியும் தெரிந்த சீமை நம்முடையது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள் கதை கேட்டு வளர்ந்த காரைக்குடிக்காரன் நீ. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே இருப்பவர் உடம்பு எப்படிக் கூசும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அந்த இடத்தில்தான் ஆண்டவர் கோடு கிழிக்கிறார். அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்கிறார். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே. அது அவன் பிழைப்பு. ஏழையின் போர்வையை வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு. அவன் அதைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். கூலியையும் அன்றைக்கே கொடுத்துவிடு. இல்லாதவன் வயிற்றை மட்டுமா பார்க்கிறார் கடவுள்? அவன் வீட்டு நிலைப்படியையும் அல்லவா காவல் காக்கிறார்!

விவிலியத்தில் வரும் ஏழைக் கைம்பெண் ரூத்தின் கதையில் இது இன்னும் அழகாக இருக்கிறது. அறுவடை வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கிக்கொள்ள ஏழைக்கும் அந்நியருக்கும் சட்டமே உரிமை கொடுத்திருந்தது. வயலின் சொந்தக்காரர் போவாசு அதோடு விடவில்லை. கட்டுகளிலிருந்து கொஞ்சம் கதிரை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவைக்கிறார். அவருக்குக் கைகட்டி நிற்காமல், தான் உழைத்துச் சேர்த்த வாற்கோதுமையோடு ரூத்து வீட்டுக்குப் போகிறாள். எனக்கு விவிலியத்தில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

நம் சபையும் அப்படித்தான் தொடங்கியது. 1833இல் பாரிசில் இருபது வயதுக் கல்லூரி மாணவர் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் ஏழைகளைத் தங்களிடம் வரவழைக்கவில்லை; அருட்சகோதரி ரோசலி ரெந்து வழிகாட்ட, ஏழைகளின் வீடு தேடிப் போனார்கள். நீயும் போ. வாசலில் நில், கூப்பிட்டால் உள்ளே போ. ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர்கள் வீடு, தறி நின்றுபோன வீடு, கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவப் போகிற அக்காக்கள் வீடு. உட்கார்ந்து பேசு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, குழுக் கடன் தவணை நெருக்குகிறதா என்று கேள். அரிசி அதற்குப் பிறகு.

கணக்குக்கு ஒரு நோட்டுப் போடு. நீயும் இன்னொருவரும் கையெழுத்திட்டுப் பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். தந்தவர்களுக்கு மொத்தத் தொகையும் எத்தனை வீடு என்பதும் போதும், பெயர் வேண்டியதில்லை. பட்டியலை மட்டும் அடிக்கடி சரிபார். திருத்தூதர்கள் இருந்த எருசலேமிலேயே அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டார்கள். அதற்காகவே ஏழு பேரை நியமித்தார்கள். நம் பட்டியலில் பூசைக்கு வருகிறவர்கள் மட்டும்தானே இருக்கிறார்கள்? பசித்திருந்தேன் என்று இயேசு சொன்னபோது எந்தப் பங்கைச் சேர்ந்தவன் என்று சொல்லவில்லையே, தம்பி.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுவிடும். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டில் அடுப்பெரிவது அப்போதுதான் சிரமம். கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல் முதல் மழைக்கே இரண்டு மூட்டை அரிசியைத் தனியே எடுத்து வை. என் நன்கொடையை இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்