சியாயாவில் உதவிய பைக் டாக்சி அண்ணனுக்கு நன்றி

மேற்கு கென்யாவின் சியாயா பக்கம் பைக் டாக்சி ஓட்டும் அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

அங்கே கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு அமைப்பு 2014 முதல் சில ஆண்டுகளில் 10,000-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. வீட்டுக்குச் சுமார் 1,000 டாலர், தவணையாக, எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியே நேராகக் கைபேசிக்கு. திருப்பித் தர வேண்டாம், கணக்கும் காட்ட வேண்டாம். சும்மா கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள் என்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? அந்தப் பகுதியில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் குடிச்செலவு கூடவில்லை.

அண்ணன் பணம் கிடைத்த தன் சித்தி வீட்டுக்கே கூட்டிப்போய், அந்த ஊர் லுவோ மொழியில் பேசி எல்லாம் விளக்கினார். புல் கூரை போய்த் தகரக் கூரை வந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு தகர வாய்க்கால், அதன் கீழே நீல பிளாஸ்டிக் டிரம். முன்பு கூரைக்கு அடிக்கடி புல் வாங்க வேண்டும். இப்போது அந்தச் செலவு இல்லை, மழைத்தண்ணீரும் மிச்சம். வாங்கிய பசுமாட்டைப் பற்றிச் சித்தி ஒரு வரிதான் சொன்னார், டிரம்மைப் பற்றித்தான் பேசித் தீரவில்லை!

பணம் கிடைக்காத பக்கத்து வீட்டாரைப் பற்றிக் கேட்க எனக்குத் தயக்கம். அண்ணனே கேட்டுவிட்டார். கொஞ்சம் மனக்கசப்பு இருந்ததாம். அப்புறம் அந்த வீட்டுத் தச்சருக்கே கூரை வேலைகள் நிறைய வந்தனவாம்.

பெட்ரோல் காசுக்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். லுவோவில் சொன்னால், எரோகமனோ (நன்றி), அண்ணே!