கால் மாறிய டிரான்சிஸ்டர்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்த ரேடியோ சரியாகப் பாடவில்லை என்று அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சால்டரிங் சுத்தமாக இருக்கிறது, என் கை இவ்வளவு சுத்தம் கிடையாது. கோளாறு வேறு இடத்தில். முதல் டிரான்சிஸ்டருக்கு நான் வரைந்து கொடுத்தது பிசி547. நீ வைத்திருப்பது 2என்3904. கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்திருப்பார்கள். வேலை ஒன்றுதான், கால்தான் வேறு. தட்டையான முகம் உன்னைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடி. பிசி547-இல் மூன்று கால்களும் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். உன்னிடம் இருப்பதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

தலைகீழாக மாட்டினாலும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் வேலை செய்யும், அதுதான் வம்பு. முழுக்கச் செத்துக் கிடந்திருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய். ஈனஸ்வரத்தில் ஏதோ கேட்டதால் அலையைப் பிடிக்கும் கம்பிச்சுருளான காயிலைச் சந்தேகப்பட்டு மூன்று தடவை பிரித்துச் சுற்றியிருக்கிறாய்.

அந்த முதல் டிரான்சிஸ்டருக்கு இதில் இரட்டை வேலை. முதலில் வானொலி அலையைப் பெருக்கும். டையோடு அதிலிருந்து ஒலியைப் பிரித்ததும், அந்த ஒலி அதே டிரான்சிஸ்டருக்குத் திரும்பி வந்து இன்னொரு முறை பெருகும். கல்யாண வீட்டில் இலை போட்டவரே சாம்பார் வாளியோடு வருகிற மாதிரி. ஆள் பற்றாத காலத்தில் கண்டுபிடித்த வழி. ஒரு டிரான்சிஸ்டர் வாங்கவே நான் காசு சேர்த்த காலம் அது. முதலில் வாங்கிய ஏசி128 டிரான்சிஸ்டரைச் சால்டரிங் சூட்டுக்கோல் பட்டே கொன்றேன். அது ஜெர்மானியத்தில் செய்தது, சூடு தாங்காது. அப்புறம்தான் காலைக் குறடால் பிடித்துக்கொண்டு ஈயம் வைக்கப் பழகினேன்.

அதற்கும் முன்னால் பேட்டரியே இல்லாத டையோடு செட். வளவில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூணுக்குத் தூண் ஏரியல் கம்பி கட்டியிருந்தேன். ஒரு நாள் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த திருச்சி நிலையம் திடீரென்று காணோம். எட்டிப் பார்த்தால் உன் அப்பத்தா அதில் ஈர வேட்டியைக் காயப்போட்டிருக்கிறாள்! "கொடி கட்டினியே, நல்லதாப் போச்சு" என்றாள். ஏரியல் இல்லாமல் கேட்க வேண்டும் என்றுதான் ஃபெரைட் ராடுக்கு, அதாவது காயில் சுற்றும் கறுப்புத் தண்டுக்கு, மாறினேன்.

ராடைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று. அதற்குத் திசை உண்டு. முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி அடங்கிவிடும், பக்கவாட்டைக் காட்டினால் எழும். நமக்குத் திருச்சி வடக்கே, மதுரை மேற்கே. ராடை நம் வீட்டைப் போலவே கிழக்கு மேற்காகப் படுக்க வைத்தால் 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி. வடக்கு தெற்காகத் திருப்பினால் 1269-இல் மதுரை. இரண்டு டிரான்சிஸ்டர் செட்டுக்கு நிலையங்களைப் பிரிக்கும் திறமை குறைவு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பேசும். நிலையம் தேடும் கேங்கைத் திருகி முடியாததை ராடைத் திருப்பி முடித்தேன். ராத்திரி ஆனால் இலங்கையும் கூட வந்து சேரும், அது தனிக் கதை.

காயில் நீ சுற்றியிருப்பதே போதும், அறுபது சுற்றுக்கு மேல் வேண்டாம். ஆனால் கம்பி முனையில் எனாமல் பூச்சைச் சரியாகச் சுரண்டவில்லை, போட்டோவிலேயே பழுப்பாகத் தெரிகிறது. பளபளவென்று செம்பு தெரியும் வரை பிளேடால் சுரண்டு. சோதிக்கும்போது எல்இடி விளக்கையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துவிடு, பாதி இரைச்சல் அவற்றுடையது. சென்னையில் 720-இல் தேடு.

செல்போன் இயர்போன் இதற்கு ஆகாது. என் பழைய கிரிஸ்டல் இயர்போனை அனுப்புகிறேன். அது வழியாகப் பேட்டரி மின்சாரம் ஓடாது, ஆகவே அதன் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடு. பார்சலில் உன் ஆத்தா இயர்போனை மாவுருண்டை டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். துடைத்துவிட்டுக் காதில் வை.

அன்புடன்,
அப்பச்சி