மக்களே, பெரிய போர்ட் வேண்டாம்

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்களே,

உன் வண்டி இன்ஜினுக்கு வாங்க, நீ அனுப்பின ரெண்டு சிலிண்டர் ஹெட்டின் விவரமும் பார்த்தேன். 220 சீசி இன்டேக் போர்ட், அதாவது சிலிண்டருக்குக் காற்று போகிற பெரிய வழி, உள்ளதுமேல்தான் உனக்கு ஆசை என்று தெரிகிறது. அது வேண்டாம். உன்னிடம் இருப்பது செவ்ரோலெட் 350, எட்டு சிலிண்டர் இன்ஜின். சார்ஜாவில் தினமும் வேலைக்கு ஓட்டிப்போகிற வண்டி, 6000 ஆர்பிஎம் தாண்டப்போவதில்லை. 180 முதல் 195 சீசி போதும்.

ஆரல்வாய்மொழியில் காற்று அந்தப் போடு போடுவது, ரெண்டு மலைக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வருவதால்தானே? போர்ட்டும் அப்படித்தான். அளவாக இருந்தால், பிஸ்டன் மேலே திரும்பின பிறகும் காற்று வந்த வேகத்திலேயே சிலிண்டருக்குள் ஏறும். அகலம் கூடினால் குறைந்த ஆர்பிஎம்மில் வேகம் செத்துப்போகும், பெட்ரோல் சரியாகக் கலக்காது, பிக்கப் இருக்காது.

ஹெட் எவ்வளவு காற்று விடும் என்கிற ஃப்ளோ கணக்கில் கடைசி வரியை மட்டும் பார்க்காதே. அது வால்வு 0.600 இன்ச் திறந்த நிலையில், அந்த லிஃப்டில், எடுத்தது. வால்வைத் தள்ளுகிற உன் கேம் அதைத் திறப்பதே 0.480 வரைக்கும்தான். 0.300, 0.400 இடங்களை வால்வு திறக்கும்போதும் கடக்கிறது, மூடும்போதும் கடக்கிறது. அங்கே எந்த ஹெட் கூடுதல் காற்று விடுகிறது என்று பார்.

அப்புறம் சேம்பர், ஹெட்டில் பெட்ரோல் எரிகிற குழி. நம் பட்டறையில் அம்பாசடர் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி ஃபேஸிங் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறுவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் நீ. உன் பிளாட் டாப் பிஸ்டனுக்கு 76 சீசி சேம்பர் போட்டால் கம்ப்ரஷன் விகிதம் ஏறக்குறைய எட்டரை வரும், 64 போட்டால் ஒன்பதரை. 64 எடு. கம்ப்ரஷன் கூடினால் நாக்கிங் வருமோ என்று பயப்படாதே; ஹெட் அலுமினியம், சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும், அங்கே 98 ஆக்டேன் பெட்ரோலும் கிடைக்கிறது.

ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் சேம்பர் அளவை நம்பிவிடாமல் நீயே அள. பிளக்கும் வால்வும் மாட்டி ஹெட்டை மல்லாக்கப் போடு. சேம்பர் ஓரம் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி ஒட்டு. மருந்துக்கடை சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விடு. கடைசிக் குமிழி வெளியே வரும்வரை எத்தனை சீசி போயிற்று என்று குறித்துக்கொள். எட்டு சேம்பரையும் அளக்க வேண்டும், ஒன்றை அளந்துவிட்டு மீதியும் அப்படித்தான் என்று விடாதே.

வால்வு பிஸ்டனில் இடிக்காது என்று பார்க்க, பூட்டும்போது பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையாலேயே ரெண்டு சுற்று சுற்றிக் கழற்று. களிமண்ணை வெட்டிப் பார். மெலிந்த இடம் குறைந்தது இன்டேக் வால்வு பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 இல்லையென்றால் ஸ்டார்ட் பண்ணாதே.

அம்மா நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்துவிட்டிருக்கிறாள். பணம் கட்டும் முன்னால் கேமோடு வந்த அளவு அட்டையை, கேம் கார்டை, படம் எடுத்து அனுப்பு. ஹெட்டில் வருகிற வால்வு ஸ்பிரிங் அந்த லிஃப்டுக்குத் தாங்குமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா