நடைக் குழு ஆண்டறிக்கை: சாவி கிடைச்ச வீடுகளும் கிடைக்காததும்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் மாதிரி நீட்டி முழக்க மாட்டேன்னு தலைவர்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன், பாப்போம்.

இந்த வருஷம் செட்டிநாட்டுப் பக்கம் பூட்டிக் கெடக்குற பழைய பெரிய வீடுகளைப் பாக்க பன்னெண்டு நடை போடலாம்னு பேசினோம், நடந்தது ஏழு. ரெண்டு மழையில போச்சு, மூணு சாவி கிடைக்காமப் போச்சு. புதுசா வர்றவங்க ஒவ்வொரு தடவையும் இவ்ளோ பெரிய வீட்ட ஏன் சார் இப்படிப் போட்டு வச்சிருக்காங்கன்னு கேக்குறாங்க. யாரும் வேணும்னு போட்டு வைக்கல. இந்த ஊர்ச் செட்டியாருங்க பர்மா, மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ண, போயி சம்பாதிச்சுக் கட்டுனது, 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததுல அங்க இருந்த சொத்து கைவிட்டுப் போக ஆரம்பிச்சுது, பேரப்பிள்ளைங்க பொழப்புக்கு ஊர் ஊரா போயிட்டாங்க, வீடு மட்டும் பங்காளிங்க எல்லாத்துக்கும் பொதுவா நிக்குது. பங்காளி பெருகப் பெருக பங்கும் பெருகுது, விக்கணும்னாலும் சரி ஓடு மாத்தணும்னாலும் சரி எல்லாரும் தலையாட்டணும். கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்புன்னா தொறப்பாங்க, மறுபடி பூட்டு.

ஐப்பசியில கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு தொறந்து விட்டாங்களே, அதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும். நிலைக்கு மேல கஜலட்சுமி, யானைத் தும்பிக்கை நுனி வரைக்கும் உளி வேலை. பட்டாலைங்குற கூடத்துல பர்மா தேக்குத் தூண், கட்டிப் பிடிச்சா கை எட்டல. வீட்டப் பாத்துக்குற அண்ணே ஈரத்துணியால சுவத்துல ஒரு இழுப்பு இழுத்தாரு, அத்தனை வருஷத்துத் தூசி போயி எங்க மூஞ்சி மங்கலாத் தெரிஞ்சுது! சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேத்த பூச்சு. தரையில ஆத்தங்குடிக் கல். அதச் சூளையில சுடுறதே இல்ல, கண்ணாடிப் பலகை மேல அச்சு வச்சு கலர் சிமெண்ட ஊத்தி, பின்னால மணலும் சிமெண்டும் போட்டு, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறப் போடுவாங்க, கண்ணாடியோட வழவழப்புதான் கல்லுக்கு வர்றது. வௌவால் நாத்தத்த மட்டும் பொறுத்துக்கணும்.

ஆனா வளவுல, அதான் முத்தத்தச் சுத்துன நடுப்பகுதியில, கணுக்கால் அளவு தண்ணி. நாலு பக்கத்துக் கூரையும் உள்பக்கமா சரிஞ்சு, மழைத்தண்ணி ரெண்டு கூரை சேர்ற கூடல்வாய் வழியா முத்தத்துல விழுந்து வெளிய போற மாதிரி கட்டுன வீடு அது. போற வாயில எல தழை அடைச்சிருந்துச்சு, அவ்ளோதான் விஷயம். தேக்குத் தூணோட அடி ஊறிக் கறுத்துக் கெடக்கு. நம்ம உறுப்பினர் ரெண்டு பேரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு குச்சியால நோண்டுனாங்க, அர மணி நேரத்துல கடகடன்னு எறங்கிப் போச்சு. பாக்க வந்த எடத்துல சாக்கடை அள்ளணுமான்னு ஒருத்தர் கோவிச்சுக்கிட்டாரு, அவரு கோவம் அவருக்கு. வயசாயி விழுந்த வீட்ட நான் பாத்ததில்ல, ஒரு ஓடு நழுவி தண்ணி எறங்கித்தான் எல்லாமே போகுது. செட்டிநாட்டு ஊர்கள் 2014லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல ஏறியாச்சு, நல்லது, ஆனா பட்டியல் வந்து கூடல்வாய் தூர் வாராதுல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி பாத்தமே வண்ணக் கண்ணாடி வீடு, அது இப்ப இல்ல. திண்ணை மட்டும் நிக்குது. அந்த நிலைக்கதவ ஒரு பழைய சாமான் கடையில பாத்த மாதிரி எனக்கு ஒரு சந்தேகம், போகட்டும்.

வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு. ஒடஞ்ச கல்லுதானேன்னு பையில போடாதீங்க, பூட்டுன வீட்டோட தெருப் பேர போட்டோவுக்குக் கீழ எழுதாதீங்க.

அடுத்தது பள்ளத்தூர். சாவி ஒரு ஆச்சிகிட்ட இருக்கு, மகன் ஊர்லேருந்து வந்ததும் சொல்றேன்னு சொல்லியிருக்காக. காலையில ஆறரைக்கு வந்துருங்க, டார்ச்சோட ஒரு மண்வெட்டியும் கூடையும் வேணும், வீட்டுல இருக்கிறவங்க கைய தூக்குங்க.