பிறக்காத குட்டிகளுக்காக ஒரு மனு

அனுப்புநர்:
ஆடு வளர்ப்போர், மன்னவனூர், கொடைக்கானல் மேல்மலை.

பெறுநர்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை, திண்டுக்கல்.

பொருள்: ஆடுகளைச் சினைக்கு விடும் முன்பும் குட்டி ஈனும் முன்பும் வயிற்றுப்புழுவைக் கண்டறியும் புழுக்கைப் பரிசோதனை முகாம் நடத்தக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற நாங்கள் எருவுக்கும் கைச்செலவுக்கும் ஆடுகளைத்தான் நம்பியிருக்கிறோம். செத்த ஆட்டுக்குக் கணக்கு உண்டு. பிறக்காமல் போன குட்டிக்கு எந்த நோட்டிலும் கணக்கு இல்லை.

என் பட்டியில் 34 பெட்டைகள். போன வருடம் ஈன்றவை 19தான், இரட்டைக் குட்டி ஒன்றுகூட இல்லை. கிடா சரியில்லை என்று அதை மாற்றினேன், வீண் செலவு. அப்புறம்தான் ஆடுகளின் கண் இமையை விரித்துப் பார்த்தேன். உள்ளே வெளுத்துக் கிடந்தது. சிலவற்றுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்திருந்தது. இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவின் வேலை. இந்த ஆடுகள் மேயும், நடக்கும், சாகாது. ஆனால் உடம்பு தேறாததால் பருவத்துக்கு வருவதில்லை; வந்தாலும் சினை நிற்பதில்லை. நின்றாலும் குட்டி சிறுத்துப் பிறக்கிறது, தாய்க்கு மடியில் பால் இல்லை.

ஈனும் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, புழு முட்டைகள் புழுக்கையோடு ஏராளமாக விழுகின்றன. அதே புல்லில்தான் குட்டியும் வாய் வைக்கிறது. ஓடையோரச் சதுப்பில் நத்தைகள் இருப்பதால், அவற்றின் வழியே பரவும் ஈரல் தட்டைப்புழு பயமும் உண்டு. வயிற்றுப்புழுவைக் கொல்லும் மருந்துகளில் சிலவற்றுக்கு அது சாகாது.

தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. கடையில் கிடைத்த மருந்தை எடை பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றினோம். அளவு குறைந்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். சினையின் முதல் மாதத்தில் ஆல்பென்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கலாம் என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது.

ஆகவே, புழுக்கையைப் பார்த்து, ஆட்டை எடை போட்டு, எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று சொல்லிக் கொடுக்கும் முகாம் வருடத்துக்கு இரண்டு முறை மேல்மலையிலேயே வேண்டும். புழுக்கைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் 1965 முதல் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அவர்களையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

நாங்கள் கிடா விட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முதல் முகாமை அதற்குள் வைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்னவனூர் ஆடு வளர்ப்போர் சார்பில் ஒரு விவசாயி.